ஏழடிக்குக் குறையாமல்

தெபோராளின் கால்களிலிருந்து எவ்வளவு எலும்பை வெட்டி எடுக்கலாம் என்பதை அவளைக் கேட்காமலேயே முடிவு செய்திருந்தார்கள். அதைக் காட்டுவதற்குத்தான் அவளை வரச் சொன்னது.

ஓங்கல் நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு சென்னையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தது. கதவு நிலைகளெல்லாம் அவளைப் போன்றவர்களுக்காகவே உயர்த்திக் கட்டப்பட்டவை. நகரத்தில் அவள் குனியாமல் நுழையக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. அதில் இதுவும் ஒன்று. சுவர்த் திரையில் அவளுடைய இரண்டு கால்களின் எலும்புகள் தெரிந்தன. தொடையில் ஒரு துண்டும் முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டும் சிவப்பாக இருந்தன. டாக்டர் சாம்பமூர்த்தி விரலை அசைத்தார். சிவப்புத் துண்டுகள் மறைந்து மிச்ச எலும்புகள் ஒன்றோடொன்று வந்து ஒட்டிக்கொண்டன. திரையில் நின்ற உருவம் குட்டையானது.

"ஆறடி மூணு அங்குலம்," என்றார் டாக்டர். "கை நீளம் அப்படியே இருக்கும். அதான் இதுல விசேஷம். கால் குறையும், கை குறையாது. ஓடலாம், குனியலாம், வெளிய வந்து ஷூட் பண்ணலாம். எட்டு மாசத்துல மறுபடியும் பாஸ்கெட்பால் கோர்ட்டுல இருப்ப."

தெபோராள் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த பயிற்சியாளர் பூங்கோதையைப் பார்த்தாள். ஒரு காலத்தில் கோயம்புத்தூரின் வேகமான ஆட்டக்காரி என்று பெயர் வாங்கியவர். ஐந்தரை அடி இருப்பார்.

"நீங்களும் இதுக்குச் சம்மதமா கோச்?"

பூங்கோதை, "கணக்கைச் சொல்றேன் கண்ணு, கோவிச்சுக்காதே," என்றார். "நீ ரிங்குக்கு அடியில நின்னு ஒரு பந்து போட்டா ரெண்டு புள்ளி. எதிராளி கோட்டுக்கு வெளிய நின்னு போட்டா மூணு. இப்ப இருக்கற புள்ளைக வெளிய நின்னு போடறதுல பாதி உள்ள விழுது. நீ உள்ளயே நின்னா அவளுக வெளிய நின்னு போடறாளுக. மறிக்க நீ வெளிய போனா உன்னையத் தாண்டி உள்ள போயிடறாளுக. உன்னைய இறக்குனா நம்ம டீமு தோக்குது. நீ நல்லா ஆடியும் தோக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

அந்தக் கணக்கு தெபோராளுக்கும் தெரியும். அந்தப் பருவம் முழுவதும் அவள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அவள் பத்து வயதில் பாளையங்கோட்டைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஓங்கல்காரர்கள் முதலில் வந்தார்கள். பெண்களுக்கான கூடைப்பந்து லீக் தொடங்கிய புதிது. எல்லா அணிகளும் பிவட் தேடி அலைந்த காலம். பிவட் என்றால் ரிங்குக்கு அடியில் நிற்கும் நெட்டை ஆள். எதிராளியின் மேல் முதுகைச் சாய்த்து இடம் பிடித்து, உயரே வரும் பந்தை வாங்கி, திரும்பி வளையத்துக்குள் போடுபவர். ஏழடிப் பிவட் ஒருத்தி இருந்தால் கோப்பை கையில் இருக்கிறது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். ஏழடிப் பெண்களுக்கு எங்கே போவது? ஓங்கல் ஒரு ஊசியைக் கண்டுபிடித்தது. வளரும் வயதில் எலும்பின் முனைகள் மூடிக்கொள்ளாமல் சில வருடம் திறந்தே வைத்திருக்கும் ஊசி. பிள்ளைகள் அதை நீட்டு ஊசி என்றார்கள். அவசரமாக நீண்ட எலும்பு உள்ளே பஞ்சுபோல் இருக்கும் என்பதால், வளர்ந்து முடித்த பிறகு வாரா வாரம் வேறொரு ஊசி. அதற்குப் பெயர் கட்டு ஊசி.

ஒவ்வொரு மாவட்டத்திலும் வகுப்பிலேயே நெட்டையாக இருந்த சிறுமிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதி, சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். பதிலுக்கு, முப்பது வயதுவரை விளையாட்டுக்குத் தேவையான உடல் மாற்றங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பெற்றோர் ஒப்புக்கொண்டார்கள். மாற்றம் என்றால் கூட்டுவது மட்டுமில்லை, கழிப்பதும்தான் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவர்கள் வளர்ந்து முடிப்பதற்குள் ஆட்டம் ரிங்கை விட்டு வெளியே போய்விட்டது.

"எனக்கு வேண்டாம் டாக்டர்," என்றாள் தெபோராள்.

"யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிக்க என்ன இருக்கு? எங்கிட்ட இருக்கது ரெண்டு காலு. அது ரெண்டும் எனக்கு வேணும்."

சாம்பமூர்த்தி திரையை அணைத்தார். "அப்படின்னா ஒப்பந்தப்படி கட்டு ஊசி நின்னுடும். இதை நான் முடிவு பண்ணலை, கம்பெனி பண்ணுது. ஊசி இல்லாம ஒண்ணு ரெண்டு மாசம் போனா உன் எலும்பு ரஸ்க் மாதிரி ஆயிடும். படி இறங்கும்போது உடையும்."

"உடையட்டும். அப்பவும் அது என் எலும்புதான?"

அவள் எழுந்தாள். 

அன்று மாலை அப்பாவிடமிருந்து போன் வந்தது. கம்பெனி அவரிடமும் பேசியிருந்தது. ஞானதிரவியம் பாளையங்கோட்டையில் லாரி உதிரி பாகக் கடை வைத்திருந்தார். கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர்.

"ஏ பிள்ள, என்னத்துக்கு வம்பு? கொறச்சா கொறச்சுட்டுப் போறான். வலி தெரியாமச் செய்தாவளாம். பொறவு மாப்பிள பாக்கவும் லேசா இருக்கும்லா."

"ஏத்தச் சொன்னதும் நீங்கதான், இப்ப எறக்கச் சொல்லுததும் நீங்கதானா? நான் என்ன உங்க கடை ஷட்டராப்பா?"



"ஊசி இல்லாட்டா எலும்பு ஒடஞ்சிரும்னு சொல்லுதாவளே பிள்ள," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

"ஒடஞ்சா வந்து தூக்கிட்டுப் போங்க. வெட்டுக்கு மட்டும் வரமாட்டேன்."

ஊசி நின்றது. தெபோராள் பயிற்சியை நிறுத்தவில்லை. சென்னை அணியோடு தனி ஒப்பந்தம் இருந்ததால், அது முடியும்வரை அவளை நீக்க முடியாது. பெஞ்சில் உட்காரவைக்கத்தான் முடியும். காலையில் எல்லாருக்கும் முன்னால் மைதானத்துக்கு வந்து ரிங்குக்கு அடியில் தனியாகப் பழகுவாள். ஒவ்வொரு முறை குதித்துத் தரை தொடும்போதும் காலுக்குள் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பாள். முதலில் பயந்துகொண்டே குதித்தாள். மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. கால் உடையவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியபோது பயத்தையே மறந்திருந்தாள்.

அணியின் இன்னொரு பிவட் ரஹ்மத்நிஷா. மேலப்பாளையத்துப் பெண். தெபோராளைவிட இரண்டு விரல் குட்டை. இருவரும் ஒரே வருடம் ஓங்கல் விடுதிக்கு வந்தவர்கள். இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டுக் குறுக்கே படுத்துத் தூங்கியவர்கள். ரஹ்மத் வெட்டுக்கு ஒப்புக்கொண்டிருந்தாள். தேதிகூடக் குறித்தாயிற்று.

"ஏட்டி, நெசமாவே ஒனக்கு ஒண்ணும் செய்யலயா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பாரு, குதிச்சுக் காட்டட்டா?"

தெபோராள் ஓடிப்போய்க் குதித்து ரிங்கைப் பிடித்துத் தொங்கிவிட்டு, தொப்பென்று தரையில் விழுந்து எழுந்தாள். ரஹ்மத் அவளுடைய முழங்காலைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"அப்ப கட்டு ஊசின்னு சொல்லி நம்மள மெரட்டிட்டுத்தான் இருந்திருக்கானுவ!"

"அப்படித்தான் தெரியுது."

"அப்ப நான் என்னத்துக்குட்டி போய்ப் படுக்கணும்?"

ரஹ்மத் தேதிக்குப் போகவில்லை. அவளைப் பார்த்து மற்ற அணிகளிலிருந்த ஓங்கல் பெண்களும் ஒவ்வொருவராக மறுத்தார்கள். எல்லாருக்கும் ஊசி நின்றது. யாரும் கலங்கவில்லை. தெபோராள் நிற்கிறாளே! பேசும்போதெல்லாம் அவள் பெயரைத்தான் சொன்னார்கள். தெபோராளுக்கு அது பெருமையாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் உயரத்தை வைத்து யாரும் கேலி செய்யாத காலம் அது.

மாசி மாதத்தில் ஒருநாள் பயிற்சியின்போது ரஹ்மத் பந்துக்காகக் குதித்தாள். அழகாகத்தான் குதித்தாள். பந்தை இரண்டு கையாலும் பிடித்தாள். தரை தொட்டபோது, காய்ந்த முருங்கைக் கொம்பை முறித்ததுபோல் ஒரு சத்தம். மைதானத்தில் எல்லாருக்கும் கேட்டது. ரஹ்மத்தின் இடது கால் முழங்காலுக்குக் கீழே பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தது. பந்து மட்டும் அவள் கையைவிட்டுப் போகவில்லை.

மருத்துவமனை வராந்தாவில் தெபோராள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்த நாற்காலிகள் அவளுக்குப் போதவில்லை. அறுவை அறைக்கு வெளியே ரஹ்மத்தின் வாப்பா கண்ணை மூடித் துஆச் செய்துகொண்டிருந்தார். சாம்பமூர்த்தி வந்து அவளருகில் குத்தவைத்து உட்கார்ந்தார். கோட்டு போட்ட மனிதர் அப்படி உட்கார்ந்ததே அவளுக்கு வித்தியாசமாகப் பட்டது.

"ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு. கம்பி வெச்சிருக்காங்க. நடப்பா. ஆடறது கஷ்டம்," என்றார்.

"எனக்கு உடையலயே டாக்டர். எனக்கு ஏன் உடையல?"

அவர் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "அதைச் சொல்லத்தான் என்னை அனுப்பியிருக்காங்க. ஒரு மருந்து வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னு உனக்குத் தெரியுமா? கொஞ்சப் பேருக்கு மருந்து. கொஞ்சப் பேருக்கு, ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக, மருந்துன்னு சொல்லி வேற ஏதாவது. யாருக்கு எதுன்னு போடறவங்களுக்கும் தெரியாது. கடைசியிலதான் பாப்பாங்க."

"வேற ஏதாவதுன்னா?"

"உப்புத் தண்ணி. உனக்கு நீட்டு ஊசியும் உப்புத் தண்ணிதான், கட்டு ஊசியும் உப்புத் தண்ணிதான். நீ தானா வளர்ந்தவ, தெபோராள். மாவட்டம் மாவட்டமா நெட்டைப் பிள்ளைங்களையே பொறுக்கினோம். அதுல ஒருத்தி எதுவும் போடாமலே ஏழடி வளர்வான்னு யார் கண்டா? யாருக்கு எதுன்னு பாத்தப்ப, ஊரெல்லாம் உன் படத்தைப் போட்டு 'ஓங்கல் வளர்த்த ஏழடி'ன்னு விளம்பரம் போயாச்சு. அப்புறம் யாருக்கும் வாயைத் திறக்கத் தைரியமில்லை."

தெபோராள் தன் கால்களைப் பார்த்தாள். வராந்தாவின் பாதி அகலம்வரை நீண்டு கிடந்தன. சந்தோஷம் வரவேண்டிய நேரம் அது என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. ரஹ்மத் முழங்காலைத் தடவிப் பார்த்ததுதான் நினைவுக்கு வந்தது.

"மத்தவளுவளுக்கு?"

"நிஜமான மருந்து. உன்னைத் தவிர விளையாட்டுல மிச்சம் இருக்கற எல்லாருக்கும். இப்ப கம்பெனி சொல்றது இதுதான். ஒப்பந்தம் உன்னைக் கட்டுப்படுத்தாது, நீ போகலாம். வெளிநாட்டுல ஒரு லீக்ல இன்னும் பிவட் வெச்சு ஆடறாங்க. அங்க இடம் வாங்கித் தர்றாங்க. நீ இதை யார்கிட்டயும் சொல்லக்கூடாது. நீ போயிட்டா மத்தவங்க தானா வழிக்கு வந்துடுவாங்கன்னு நினைக்கறாங்க."

"வழின்னா வெட்டு."

"வெட்டு ஒத்துக்கிட்டா அன்னைக்கே ஊசி கிடைக்கும்."

"நீங்க டாக்டருக்குத்தான படிச்சீங்க?" என்று கேட்டாள் தெபோராள். அவர் எழுந்து போனார்.

ரஹ்மத்துக்கு நினைவு தெளிந்த மறுநாளே தெபோராள் எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. ரஹ்மத் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஒன் எலும்பு நெசம். எங்க எலும்பு அவன் குடுத்தது."

"எனக்குத் தெரியாதுட்டி. சத்தியமா."

"தெரியாதுன்னு தெரியும். ஒன்னப் பாத்துட்டுத்தான நான் குதிச்சேன்." ரஹ்மத் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "போ. போய் வெளிநாட்டுல வெளையாடு. ஒருத்தியாவது வெளையாடு."

"போகமாட்டேன்."

"போகாம என்ன கிழிக்கப் போற?"

அது தெபோராளுக்கும் தெரியவில்லை. மற்ற பெண்களுக்கெல்லாம் அன்றே போன் செய்து, குதிக்காதீர்கள், ஓடாதீர்கள், மருந்து நிஜம், நான்தான் பொய் என்று சொன்னாள். அழுதவர்களும் உண்டு, திட்டியவர்களும் உண்டு. இணையத்தில் எழுதினாள், ஆதாரமில்லாத மருத்துவச் செய்தி என்று ஒரு மணி நேரத்தில் நீக்கப்பட்டது. ஒரு பத்திரிகைக்காரர் இரண்டு மணி நேரம் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார், எதுவும் வரவில்லை. அந்தப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஓங்கல் விளம்பரம்தான் வந்தது.

கடைசியில் அவள் பூங்கோதையின் வீட்டுக்குப் போனாள். வாசலில் குனிந்து உள்ளே வந்து, நின்றபடியே சொல்லி முடித்தாள். பூங்கோதை அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உன்னைய வெளிய உக்கார வெச்சது கணக்குப் பாத்துத்தான்," என்றார். "அந்தக் கணக்கு இன்னைக்கும் சரிதான். அதுல எனக்குக் கூச்சம் இல்லை. ஆனா உன் காலுக்கு அவன் அளவு போட்டப்ப பக்கத்துல உக்காந்துட்டு இருந்தேன் பாரு, அது சரியில்லை."

பிறகு பூங்கோதை நிமிர்ந்து, "ஆட்டம் முடிஞ்சதும் நேரலையில மைக்கு யாருகிட்ட போகுது?" என்று கேட்டார்.

"அதிகமாப் புள்ளி எடுத்தவகிட்ட."

"செயிச்ச டீமா இருக்கோணுமா?"

"வேண்டாம். யாரு அதிகமோ அவகிட்ட."

"ஞாயித்துக்கிழமை கடைசி ஆட்டம். உன்னைய முழுசா இறக்கறேன். புள்ளைக எல்லாத்துக்கும் சொல்லிடறேன், பந்து உள்ளதான் வரோணும்னு. தோத்தா தோத்துட்டுப் போறோம். அதுக்கப்புறம் என்னைய வெச்சிருக்க மாட்டாங்க. ஊருல தென்னந்தோப்பு இருக்குது, போயிக்கறேன்."

பெரியமேட்டு உள்ளரங்கம் அன்று நிறைந்திருந்தது. எதிரே மதுரை அணி. அந்த அணியில் மிருணாளினி என்றொரு பெண் இருந்தாள். ஐந்தடி எட்டங்குலம். கோட்டுக்கு வெளியே எங்கே நின்று எறிந்தாலும் வலை மட்டும் அசையும். அந்த வருடம் எல்லா ஆட்டத்திலும் மைக் அவளிடம்தான் போயிருந்தது.

தெபோராள் இறங்கியதும் கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். "ஏணியக் கொண்டாந்துட்டாங்கடா!" என்று யாரோ ஒருவன் கத்தினான். அவள் ரிங்குக்கு அடியில் போய்க் காலை அகட்டி நின்றாள். முதுகில் எதிராளி மோதினாள். அவள் அசையவில்லை. கையை உயர்த்தினாள். பந்து வந்தது. இடது தோளைச் சாய்த்து, வலது கையை வளைத்து, தலைக்குப் பின்னாலிருந்து உருட்டிவிட்டாள். உள்ளே விழுந்தது.

அடுத்ததும் விழுந்தது. ஒருத்தி மறித்தபோதும் விழுந்தது, இரண்டு பேர் மறித்தபோதும் விழுந்தது. மதுரைக்காரர்கள் அவளை விட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அவள் இரண்டு எடுத்தால் அவர்கள் வெளியே நின்று மூன்று எடுத்தார்கள். பூங்கோதை சொன்ன கணக்கு கண்ணெதிரே நடந்தது. இடைவேளையில் சென்னை அணி பின்தங்கியிருந்தது. சிரித்தவர்கள் மட்டும் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். அப்படி ஓர் ஆட்டத்தை இளம் ரசிகர்கள் பலர் பார்த்ததே இல்லை. அவள் பந்தை வாங்கும்போதெல்லாம் அரங்கம் முழுவதும் 'ஹோ' என்று எழுந்து உட்கார்ந்தது.

கடைசி நிமிடத்தில் சென்னை தோற்பது உறுதியாகிவிட்டது. தெபோராளும் மிருணாளினியும் சமமான புள்ளியில் இருந்தார்கள். பந்து மிருணாளினியிடம். அவள் கோட்டுக்கு வெளியே தயாராக நின்றாள். மறிக்க வேண்டியவள் கால் வழுக்கிப் பின்னால் கிடந்தாள்.

தெபோராள் ரிங்கை விட்டு ஓடினாள். வெளியே வந்தால் தாண்டிப் போவார்கள் என்பது தெரியும். ஆனால் இந்த ஒரு பந்துக்கு மிருணாளினி தாண்டிப் போகத் தேவையில்லை, நின்ற இடத்திலிருந்தே எறியத்தான் போகிறாள். எறிந்தாள். ஏழடி உடம்பு கையை நீட்டிக்கொண்டு மேலே வந்து விழுவதைப் பார்த்து, வழக்கத்தைவிட உயரமாக எறிந்தாள். பந்து வளையத்தின் விளிம்பில் மோதி வெளியே தெறித்தது. சென்னைப் பெண்ணொருத்தி பாய்ந்து எடுத்தாள். தெபோராள் திரும்பி அந்தப் பக்கத்து ரிங்கை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். வெட்டாத கால்கள் பத்தே பாய்ச்சலில் அவளைக் கொண்டு சேர்த்தன. பந்தை உயரத் தூக்கிப் போட்டார்கள். அவளைத் தவிர யாருக்கும் எட்டாத உயரம். காற்றிலேயே பிடித்து அப்படியே வளையத்துக்குள் அமுக்கினாள்.

மணி அடித்தது. மதுரை வென்றது.

மைக்கோடு வந்த இளைஞன் அண்ணாந்து சிரித்தான். "ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு பிவட்! சொல்லுங்க தெபோராள், எப்படி இருக்கு?"

அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள். மூச்சு வாங்கியது. "எம்பேரு தெபோராள். ஓங்கல் வளத்த ஏழடின்னு விளம்பரத்துல வருதது நான்தான். அவுங்க எனக்குப் போட்டது வெறும் உப்புத் தண்ணி. நான் தானா வளந்தேன்."

இளைஞனின் சிரிப்பு நின்றது. அவன் காதில் மாட்டியிருந்த கருவியில் யாரோ கத்தியிருக்க வேண்டும். மைக்கைப் பிடுங்கக் கையை நீட்டினான். தெபோராள் நிமிர்ந்து நின்றாள், அவ்வளவுதான். அவன் நீட்டிய கை அவள் தோள்வரைதான் வந்தது.

"நெசமான ஊசி போட்ட பிள்ளேளுக்கு வாராவாரம் மருந்து வேணும். காலை வெட்ட ஒத்துக்கிட்டாத்தான் மருந்துன்னு சொல்லுதாவ. ஒத்துக்காத என் சிநேகிதி ரஹ்மத்நிஷா கால் ஒடஞ்சு ஆஸ்பத்திரில கெடக்கா. இன்னும் நெறையப் பேரு வீட்டுல நடக்கப் பயந்து உக்காந்திருக்காளுவ."

கோட்டு போட்டவர்கள் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் எம்பிக் குதித்துக்கூடப் பார்த்தார். அவள் முழங்கையைச் சற்று உயர்த்திக்கொண்டாள். அந்த மைக் யாருக்கும் எட்டவில்லை. எல்லாப் பெண்களின் பெயரையும் ஊரையும் நிதானமாகச் சொல்லி முடித்த பிறகு, தானே குனிந்து அதை இளைஞனின் கையில் கொடுத்தாள்.

அரசு இதை வழக்காக எடுத்து விசாரணைக்கு உத்தரவிட்டது. ஓங்கலின் வழக்கறிஞர் கெட்டிக்காரர். தெபோராளின் உயரம் அவருடைய சொந்த உயரம்தான், நிறுவனம் அதை மனமார ஒப்புக்கொள்கிறது, அவருக்கு எங்கள்மேல் எந்தக் கடமையும் கிடையாது, ஆகவே அவர் வெளியே போகலாம் என்றார். மற்றவர்கள் கதை வேறு. அவர்களுடைய உயரம் நிறுவனம் செலவழித்து உருவாக்கியது. அதைப் பராமரிப்பதும் மாற்றுவதும் நிறுவனத்தின் உரிமை. உண்மையைச் சொன்னது தன்னை மட்டும் விடுவித்துவிட்டது என்பது தெபோராளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வெளியே போகவில்லை. அவர்களோடேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

விசாரணை அதிகாரி ரஹ்மத்தைப் பார்த்து, "இதுக்கு நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று கேட்டார்.

ரஹ்மத் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்து நிற்கச் சற்று நேரமாயிற்று.

"ஊசி போட்டது அவுக. வளந்தது நான். ராத்திரி ராத்திரி எலும்பு இழுக்கும்போது வலிச்சது எனக்கு. பஸ்ஸுல கூனிக்கிட்டுப் போனது நான். தெபோராளுக்கு உப்புத் தண்ணி, எனக்கு மருந்து. அதுக்காக அவ காலு அவளோடது, எங்காலு கம்பெனியோடதா?"

 வழக்கு முடியும்வரை எல்லாருக்கும் எந்த நிபந்தனையும் இல்லாமல் மருந்து தரவேண்டும், யார் உடம்பிலும் கத்தி வைக்கக் கூடாது என்று அன்று மாலை இடைக்கால உத்தரவு வந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை.

சென்னை அணி தெபோராளின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வேறு எந்த அணியும் கூப்பிடவுமில்லை. இதில் ஓங்கலின் கை இல்லை. ஆட்டம் மாறிவிட்டது, அவ்வளவுதான். அவளுக்கு அதில் வருத்தமுண்டு, ஆனால் வெட்கமில்லை. தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் நடக்கும் போட்டிகளில் உள்ளூர் அணிகளுக்கு ஆடினாள். ரிங்குக்கு அடியில்தான் நின்றாள். சிலநாள் வென்றார்கள்.

அடுத்த வருடம் சித்திரையில் நாகர்கோவிலில் ஒரு பள்ளி மைதானத்துக்கு வெளியே காலையிலேயே பெற்றோர் வரிசையில் நின்றார்கள். ஓங்கல் இப்போது வேறு பெயரில் வந்திருந்தது. தேர்வு முகாம். தெபோராளும் ரஹ்மத்தும் வாசலுக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். ரஹ்மத் ஒரு காலைச் சற்று இழுத்துத்தான் நடந்தாள்.

வரிசையின் முன்னால் இருந்தவர் மகளின் கையைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார். "டிவியில பேசுன பிள்ள நீங்கதான?"

"ஆமாண்ணே."

"இது அந்த ஊசி இல்ல கேட்டியளா. உயரத்துக்கு இல்ல. மணிக்கட்டுக்கு. கை நடுங்காதாம். எவ்வளவு தூரத்துல இருந்து எறிஞ்சாலும் உள்ள விழுமாம்."

"விழும்ண்ணே," என்றாள் தெபோராள். "எல்லாருக்கும் விழ ஆரம்பிச்சதும் ஆட்டத்த மாத்துவாவ. அப்ப இந்தக் கைய என்ன செய்வாவ?"

 ரஹ்மத் குனிந்து கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினாள். கம்பி வைத்துத் தைத்த தழும்பு கணுக்காலிலிருந்து மேலே ஏறிப் போயிற்று.

"அவளுக்குப் போட்டது உப்புத் தண்ணி. எனக்குப் போட்டது நெசமான மருந்து," என்றாள். "ரெண்டு பேரையும் நல்லாப் பாத்துட்டு உள்ள போங்க."

காவலாளிகள் இரண்டு பேர் வந்து, வாசலை மறிக்காமல் விலகச் சொன்னார்கள். "மறிக்கலயே, ரோட்டுலதான நிக்கோம்," என்றாள் தெபோராள். ஒருவன் அவள் தோளில் கைவைத்துத் தள்ளினான். அவள் காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள். இன்னொருவனும் சேர்ந்து தள்ளினான்.

முன்னால் நின்றவர் வரிசையை விட்டு விலகவில்லை. உள்ளேயும் போகவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை முழுவதும் நின்றுவிட்டது.